ஃபயர்வால் கடிகாரம்: யூடிசியா, உள்ளூர் நேரமா, தலைமையக நேரமா?

"என்ஓசி (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) சென்னையில் இருக்கிறது. ஃபயர்வால்கள் (நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் பெட்டிகள்) நியூயார்க், ஃபீனிக்ஸ், லண்டன் என்று மூன்று ஊரில் இருக்கின்றன. எந்த நேரத்தில் வைப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்." நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களிடமிருந்து மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் தவறாமல் வருகிற கேள்வி இது. ஒருவர் எல்லாவற்றையும் யூடிசியில் (எங்கும் ஒன்றாக இருக்கும் உலகப் பொது நேரம்) வை என்பார். இன்னொருவர், அங்கே இருக்கிற ஆளுக்குப் புரிகிற மாதிரி அந்த ஊர் நேரத்தில் வை என்பார். மேலாளர், தலைமையகம் எந்த நேரமோ அதுவே எல்லாவற்றுக்கும் என்பார். மூன்றுமே ஓடும். ஆனால் மூன்றுக்கும் வேறு வேறு இடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும், அது முதல் நாளே கண்ணில் படாது.

நம் ஊர்க் கடிகாரம் நகர்வதே இல்லை என்பதால், டிஎஸ்டி எனப்படும் கோடைநேர மாற்றம் நமக்குப் பிறர் வீட்டுச் சங்கதி போலத் தெரியும். 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா மார்ச் 8 அன்று கடிகாரத்தை முன்னே தள்ளி, நவம்பர் 1 அன்று பின்னே இழுக்கிறது. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச் 29, அக்டோபர் 25. ஆக மார்ச்சில் மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே 5 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரம்தான் வித்தியாசம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. ஃபீனிக்ஸ் எதற்கும் அசையாது. அரிசோனாவில் நவஹோ நேஷன் பகுதியைத் தவிர டிஎஸ்டி கிடையாது.

## முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

மணி வேறு, டைம்சோன் வேறு. பெரும்பாலான ஃபயர்வால்களின் உள்ளே எண்ணிக்கொண்டிருப்பது யூடிசிதான். டைம்சோன் என்பது, திரையில் காட்டும்போதும் லாக்கில் (நடந்ததை வரிவரியாகப் பதியும் கோப்பு) எழுதும்போதும் ஷெட்யூலைச் சரிபார்க்கும்போதும் அந்த எண்ணோடு செய்கிற கூட்டல் கழித்தல். டிஎஸ்டி அந்தக் கூட்டலை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் விதி. என்டிபி என்பது நெட்வொர்க் வழியாகச் சரியான மணியை வாங்கித் தரும் முறை. அதன் பாக்கெட்டில் டைம்சோனும் இருக்காது, டிஎஸ்டியும் இருக்காது. "என்டிபி போட்டாச்சு, டிஎஸ்டி தானா மாறிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். மார்ச் 8, ஞாயிறு, சென்னையில் பகல் 12:30. நியூயார்க்கில் 1:59:59-க்கு அடுத்த நொடி 3:00:00. டிஎஸ்டி விதி போடாத ஃபயர்வால் மட்டும் 2:00 என்று காட்டுகிறது. "ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது" என்று ஒரு டிக்கெட் வருகிறது. ஷிஃப்டில் இருப்பவர் டைம்சோன் பக்கமே போகாமல், மணியைக் கையால் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார். திரை சரியாகிவிட்டது. ஆனால் உள்ளே யூடிசி இப்போது ஒரு மணி நேரம் தவறு. விபிஎன்னுக்கான (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) 30 நொடி ஓடிபியை ஃபயர்வாலே சரிபார்க்கிறது என்றால் ஒருவராலும் நுழைய முடியாது. கெர்பரோஸ் என்ற லாகின் சரிபார்ப்பு முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும், எனவே ஏடி (விண்டோஸ் நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் அமைப்பு) லாகின் உடையும். சாம்ல் டோக்கன் (லாகின் ஆனதற்கான அனுமதிச் சீட்டு) காலாவதி என்று திருப்பி அனுப்பப்படும்.

என்டிபி காப்பாற்றாதா? அதுவும் பெட்டியைப் பொறுத்தது. என்டிபிடி என்ற பழைய டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால் ஏதோ பெரிய தப்பு என்று முடிவுகட்டித் தானே நின்றுவிடும். ஒரு மணி நேரம் என்பது 3600 நொடி. வேறு சில பெட்டிகளில் என்டிபி கொஞ்ச நேரத்தில் மணியைத் திருத்திவிடும், திரை மறுபடி "தவறாக"த் தெரியும், நம்மவர் மறுபடி தள்ளுவார்.

எனவே கீழே பேசப்போவதெல்லாம் டைம்சோன் பற்றி மட்டுமே. உள்ளூர் நேரத்தை வைக்க இரண்டு வழி உண்டு என்பதால், மேலே சொன்ன மூன்றும் கீழே நான்காகும். மணி எந்த வழியிலும் என்டிபியிலிருந்துதான் வரவேண்டும். அது எங்கிருந்து என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

என் பார்வையில் அளவுகோல்கள் ஐந்து. லாக்கில் ஒரு வரியைப் பார்த்தால் அது நடந்த நொடியைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடியுமா? நேரத்தை வைத்து இயங்கும் ரூல்கள் உண்டா, இருந்தால் அவை சரியாகத் திறந்து மூடுமா? லாக்கையும் திரையையும் படிக்கிறவர் யார், எந்த ஊரில்? ஒரு நாட்டின் நேரச் சட்டம் மாறினால் பெட்டியைத் திருத்தப்போவது யார்? தணிக்கை வந்தால் பதில் சொல்ல முடியுமா?

இவற்றில் இரண்டாவதுதான் முடிவையே மாற்றுவது. மற்ற நான்குக்கும் ஏதாவது சுற்றுவழி உண்டு. "காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் வெண்டருக்கு அனுமதி" என்று ஃபயர்வாலிலேயே ஒரு ரூல் இருந்தால், அது அந்தப் பெட்டியின் டைம்சோனைத்தான் பார்க்கும். அதற்குச் சுற்றுவழி குறைவு.

## வழி 1: எல்லாப் பெட்டியும் யூடிசி

இதன் பெரிய பலம் நவம்பரில் தெரியும். நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் 1:00 முதல் 1:59 வரையிலான ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். உள்ளூர் நேரத்தில் எழுதிய லாக்கில் "நவம்பர் 1, 01:17:42" என்று ஒரு வரி இருந்தால், அது சென்னையில் 10:47 மணிக்கு நடந்ததா, 11:47 மணிக்கு நடந்ததா என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லாக்கை அனுப்புவதற்கான பழைய சிஸ்லாக் வடிவமான ஆர்எஃப்சி 3164-இல் டைம்சோன் மட்டுமல்ல, ஆண்டுகூடக் கிடையாது. அந்த ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஊடுருவல் நடந்து, ஃபயர்வால் லாக்கையும் ஏடி லாக்கையும் வரிசைப்படுத்த வேண்டிவந்தால் தலைசுற்றும். எது முதலில், எது பிறகு என்பதே குழம்பிப்போகும். யூடிசியில் இந்தப் பிரச்சினை இல்லவே இல்லை.

சட்டம் மாறினாலும் யூடிசிக்குக் கவலையில்லை. எந்த நாடு டிஎஸ்டியைக் கைவிட்டாலும், திடீரென்று தள்ளிப்போட்டாலும், பெட்டியைத் தொட வேண்டியதில்லை. பிசிஐ டிஎஸ்எஸ் (கட்டண அட்டைப் பாதுகாப்புக்கானது) போன்ற தரநிலைகள் வெளியிலிருந்து பெறும் நேரம் யூடிசியையோ பன்னாட்டு அணுநேரத்தையோ அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. அது நேரம் வரும் மூலத்தைப் பற்றியது, டைம்சோனைப் பற்றியது அல்ல. ஆனாலும் எல்லாமே யூடிசி என்று ஆன பிறகு தணிக்கையாளரிடம் விளக்கம் சொல்லும் வேலை குறையும்.

மறைமுகச் செலவு ஷெட்யூலில் இருக்கிறது. நியூயார்க்கின் 8 முதல் 6 என்பது குளிர்காலத்தில் யூடிசி 13:00–23:00, கோடையில் 12:00–22:00. ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு ஷெட்யூலையும் கையால் மாற்ற வேண்டும். சோம்பல்பட்டு 12:00–23:00 என்று அகலமாக வைத்துவிட்டால், ஆண்டு முழுக்க தினமும் ஒரு மணி நேரம் கதவு தேவையில்லாமல் திறந்திருக்கும். மேற்குக் கரையில் இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலிஸில் திங்கள் காலை 8 முதல் மாலை 6 என்பது குளிர்காலத்தில் யூடிசி திங்கள் 16:00-இல் தொடங்கி செவ்வாய் 02:00-இல் முடியும். "திங்கள் முதல் வெள்ளி வரை" என்று ஷெட்யூலில் டிக் போட்டால் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கே அங்கே கதவு சாத்திவிடும், ஏனென்றால் யூடிசியில் அது சனிக்கிழமை ஆகிவிட்டது.

தினசரி ரிப்போர்ட்டும் அப்படித்தான். யூடிசி நாள் நியூயார்க்கில் குளிர்காலத்தில் மாலை 7 மணிக்கும் கோடையில் 8 மணிக்கும் முடிகிறது. "நேற்று அதிகம் பேண்ட்வித் எடுத்தது யார்" என்று அந்தக் கிளை மேலாளர் கேட்டால், அவர் நினைக்கிற நேற்று வேறு, ரிப்போர்ட்டின் நேற்று வேறு.

இன்னொரு பொறி. டைம்சோன் பட்டியலில் யூடிசியைத் தேடி, கிடைக்காமல், "லண்டன் என்றால் ஜிஎம்டிதானே" என்று லண்டனைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. குளிர்காலம் முழுக்கச் சரியாகவே இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு அன்று ஒரு மணி நேரம் தாவும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும்.

படிக்கிறவர்களுக்குச் சிரமம் என்ற குறை மட்டும் பழைய அளவுக்கு இப்போது இல்லை. லாக்கைத் தேடிப் பார்க்கும் கருவியான கிபானா வழக்கமாகப் பார்ப்பவரின் பிரவுசர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். அதே மாதிரிக் கருவியான ஸ்ப்ளங்கில் ஒவ்வொரு பயனரும் தன் டைம்சோனை வைத்துக்கொள்ளலாம். சேமிப்பது யூடிசி, காட்டுவது அவரவர் நேரம் என்று பிரித்துவிட்டால் சண்டையே இல்லை. ஃபயர்வாலின் சொந்தத் திரையை நேரடியாகப் பார்த்து வேலை செய்யும் சின்ன அலுவலகங்களில்தான் இந்தக் குறை நிஜமாக உறுத்தும்.

## வழி 2: ஊர்ப்பெயர் கொண்ட டைம்சோன்

"அமெரிக்கா/நியூயார்க்", "ஐரோப்பா/லண்டன்" என்ற வடிவில், இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐஏஎன்ஏவின் டைம்சோன் தரவுத்தளத்தில் இருக்கும் பெயர்கள் இவை. பாலோ ஆல்ட்டோ, ஜூனிபர் எஸ்ஆர்எக்ஸ், பிஎஃப்சென்ஸ், மைக்ரோடிக், புதிய ஃபோர்ட்டிஓஎஸ் (ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலின் மென்பொருள்) எல்லாவற்றிலும் இந்த முறை உண்டு. ஊரின் ஆஃப்செட் (யூடிசியோடு உள்ள வித்தியாசம்), டிஎஸ்டி தேதி, பழைய சட்டங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும். மார்ச்சிலும் நவம்பரிலும் பெட்டி தானாக மாறிக்கொள்ளும், ஷெட்யூல்களும் கூடவே நகரும். அங்கே காலை 8 என்றால் எப்போதும் காலை 8. நேர அடிப்படையிலான ரூல் இருக்கும் கிளைக்கு இதை அடித்துக்கொள்ள வேறு வழி இல்லை.

தேர்ந்தெடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். ஃபீனிக்ஸ் கிளைக்கு "மவுன்டன் டைம்" என்று பொதுவாகப் போட்டால் டென்வர் விதி வந்துவிடும், மார்ச்சில் தாவும். "ஃபீனிக்ஸ்" அல்லது "அரிசோனா" என்று தனியாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பிஎஃப்சென்ஸ் பட்டியலில் "ஈடிசி/ஜிஎம்டி+5" மாதிரி சில பெயர்கள் கண்ணில் படும். அவற்றில் கூட்டல் கழித்தல் குறிகள் தலைகீழ்: ஜிஎம்டி+5 என்றால் அது யூடிசிக்கு 5 மணி நேரம் பின்னால். அந்தப் பக்கமே போகாமல் ஊர்ப்பெயரை எடுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை ரீபூட் செய்வதும் நல்லது, ஓடிக்கொண்டிருக்கும் சில சர்வீஸ்கள் பழைய டைம்சோனையே பிடித்துக்கொண்டிருக்கும். ஃபோர்ட்டிகேட் பெட்டியைப் பிரித்ததும் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருக்கும். அதை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது மேலே சொன்ன இரட்டை மணி நேரம். இதற்குப் பாதி மருந்து பெட்டியிலேயே இருக்கிறது. ஃபோர்ட்டிகேட் லாக்கில் உள்ளூர் தேதி, மணியோடு டைம்சோன் ஆஃப்செட்டும், யூடிசியில் எண்ணிய "ஈவன்ட்டைம்" என்ற புலமும் சேர்ந்தே வரும். எஸ்ஐஇஎம்மில் (எல்லா லாக்கையும் ஒரே இடத்தில் சேர்த்து ஆராயும் அமைப்பு) அந்தப் புலத்தை வைத்து வரிசைப்படுத்தினால் குழப்பமில்லை. சிஸ்கோ ஏஎஸ்ஏவின் புதிய பதிப்புகளில் லாக் நேரத்தை ஆர்எஃப்சி 5424 வடிவத்துக்கு மாற்றினால் யூடிசியிலேயே எழுதும். பெட்டி உள்ளூர் நேரத்தில், லாக் யூடிசியில்: இந்தக் கூட்டணி கிடைக்கிற பெட்டிகளில் வழி 1-க்கும் வழி 2-க்கும் நடுவே போட்டியே இல்லை.

இரண்டாவது செலவு, அந்தப் பெயர்ப் பட்டியலின் வயது. டைம்சோன் தரவு ஃபர்ம்வேரோடு (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) சேர்ந்து வருகிறது. அரசாங்கம் விதியை மாற்றினால், உங்கள் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படும் வரை பெட்டி பழைய சட்டத்தையே கடைப்பிடிக்கும். மெக்சிகோ 2022 அக்டோபரில் எல்லையோர நகரங்கள் போன்ற சில இடங்களைத் தவிர டிஎஸ்டியைக் கைவிட்டது. புதுப்பிக்காத கருவிகள் 2023 ஏப்ரல் முதல் ஞாயிறு வழக்கம்போல ஒரு மணி நேரம் தாவின. ஜோர்டானும் சிரியாவும் அதே 2022 அக்டோபரில் நிரந்தரக் கோடைநேரத்துக்குப் போயின. உச்சகட்டம் லெபனான். 2023 மார்ச் கடைசியில், மாற்றத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, டிஎஸ்டியை ரமலான் முடிவுவரை தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. தேவாலயங்களும் சில தொலைக்காட்சிகளும் ஏற்க மறுத்தன. ஒரே நாட்டில் சில நாட்கள் இரண்டு மணி ஓடியது, பிறகு அரசு பின்வாங்கியது. டைம்சோன் தரவுத்தளத்தில் அந்த ஒரு வாரத்துக்குள் மாற்றி, மறுபடி மாற்றி இரண்டு வெளியீடுகள் வந்தன. எந்த ஃபயர்வால் ஃபர்ம்வேரும் அந்த வேகத்துக்கு ஓட முடியாது.

டிஎஸ்டி இல்லாத நாட்டில் இந்தத் தொல்லை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கை 1996-இல் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போய், அதே ஆண்டு ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. பழைய பட்டியல் வைத்திருந்த கணினிகளில் கொழும்பு அதன் பிறகும் ஆறாகவே காட்டியது. அப்போது பலரும் செய்த வேலை எளிமையானது: பட்டியலில் இந்தியாவின் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். இன்றும் அதே உத்தி பயன்படும். மெக்சிகோ சிட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் கிடைக்கவில்லையா? யூடிசிக்கு 6 மணி நேரம் பின்னால் இருந்து டிஎஸ்டியும் இல்லாத கோஸ்டா ரிகாவை வையுங்கள், ஏன் அப்படி வைத்தோம் என்று ஒரு வரியும் எழுதிவையுங்கள்.

இந்த வழியில் போகிறவர்கள் பேக்கப், சிக்னேச்சர் அப்டேட் (தாக்குதல்களை அடையாளம் காணும் பட்டியலைப் புதுப்பிப்பது), ரீபூட் எதையும் ஞாயிறு அதிகாலை 1 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே வைக்காதீர்கள். மார்ச் 8 அன்று நியூயார்க்கில் 2:30 என்ற மணியே கிடையாது. நவம்பர் 1 அன்று 1:30 இரண்டு முறை உண்டு. 12:30 அல்லது 4:30 என்று வைத்தால் தொல்லை விட்டது.

## வழி 3: ஆஃப்செட்டையும் டிஎஸ்டி விதியையும் கையால் எழுதுவது

சிஸ்கோ ஏஎஸ்ஏ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பாதை. "கிளாக் டைம்சோன்" கட்டளையில் ஒரு பெயரும் ஆஃப்செட்டும், "கிளாக் சம்மர்-டைம்" கட்டளையில் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதும். பெயர் வெறும் லேபிள்தான். இஎஸ்டி (அமெரிக்கக் கிழக்கு நேரம்) என்று எழுதியதால் அது தானாக 5 மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளாது. ஐஎஸ்டி என்று எழுதினால் இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்று ஊர்க்காரர்களும் தன் நேரம் என்றே படிப்பார்கள்.

இங்கே ஒரு பிரபலமான குழி. சம்மர்-டைம் கட்டளையில் "ரெக்கரிங்" என்று மட்டும் போட்டுத் தேதி விதியைக் கொடுக்காமல் விட்டால், ஏஎஸ்ஏ அமெரிக்க விதியை எடுத்துக்கொள்ளும்: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. நியூயார்க்குக்குச் சரி. அதே கான்ஃபிகை லண்டன் பெட்டிக்குக் காப்பி அடித்தால், ஆண்டின் பெரும்பகுதி சரியாக இருந்துவிட்டு, மார்ச்சில் மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மட்டும் ஒரு மணி நேரம் பிசகும். பெரும்பாலும் சரியாக இருக்கும் தவறுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. லண்டனுக்கு மார்ச் கடைசி ஞாயிறு 1:00, அக்டோபர் கடைசி ஞாயிறு 2:00 என்று முழுதாக எழுத வேண்டும். எழுதியபின் "ஷோ கிளாக் டீடெய்ல்" போட்டால், மணி எங்கிருந்து வருகிறது, கோடைநேரம் எந்தத் தேதியில் தொடங்கி முடிகிறது என்று அதுவே சொல்லிவிடும். அந்தத் தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டுவிட்டே டிக்கெட்டை மூடுங்கள்.

விதி கான்ஃபிகில் உறைந்துபோவதுதான் இதன் செலவு. அமெரிக்காவில் 2005-இல் வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டத்தால் 2007 முதல் டிஎஸ்டி தேதிகள் மாறின. அதற்கு முன் ஏப்ரல் முதல் ஞாயிறில் தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறில் முடிந்துகொண்டிருந்தது. கையால் விதி எழுதிய ஒவ்வொரு பெட்டியையும் தேடிப்போய் மாற்ற வேண்டியிருந்தது. நாளை மறுபடியும் மாறலாம். டிஎஸ்டியை நிரந்தரமாக்கும் மசோதா ஒன்று 2022 மார்ச்சில் அமெரிக்க செனட்டில் நிறைவேறி, கீழவையில் நின்றுபோனது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் மாற்றத்தை ஒழிக்க வாக்களித்தும் உறுப்பு நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

மறுபக்கம், பலமும் அதே இடத்தில்தான். லெபனான் மாதிரி மூன்று நாள் அவகாசத்தில் சட்டம் மாறினால், ஃபர்ம்வேருக்குக் காத்திருக்காமல் ஒரே வரியில் தேதியைத் திருத்திவிடலாம். ஆதரவு முடிந்துபோன பழைய பெட்டி, இணையத்தோடு தொடர்பே இல்லாத ஆலை நெட்வொர்க், டிஎஸ்டி இல்லாத ஊர்: இந்த மூன்றுக்கும் இது போதும். சென்னைப் பெட்டிக்கு ஐந்தரை என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் டிஎஸ்டி அரை மணி நேரம்தான். அங்கே ஃபயர்வால் வைக்கிற பாக்கியம் கிடைத்தால், 60 நிமிடம் என்ற வழக்கமான மதிப்பை 30 ஆக்க மறக்காதீர்கள்.

## வழி 4: எல்லா ஊருக்கும் தலைமையக நேரம்

தலைமையகம் நியூயார்க் என்றால் இது நான்கில் மோசமான வழி. லண்டனுக்கும் ஃபீனிக்ஸுக்கும் பொருந்தாத டிஎஸ்டி, எல்லாப் பெட்டிகளிலும் இரட்டை மணி நேரம், எந்தக் கிளையின் ஷெட்யூலும் அந்த ஊர் மணியில் இல்லை. யூடிசியின் குறைகளும் உள்ளூர் நேரத்தின் குறைகளும் ஒன்றாக வந்து சேரும்.

தலைமையகமோ என்ஓசியோ இந்தியாவில் என்றால் கதை வேறு. இந்திய நேரம் நகர்வதில்லை, எனவே அது ஐந்தரை மணி நேரம் கூட்டிய யூடிசிதான். இரட்டை மணி நேரம் வராது, ஷிஃப்டில் இருப்பவருக்கு மனக்கணக்கும் வேண்டாம். எல்லாப் பெட்டியையும் நிர்வகிப்பதும் படிப்பதும் சென்னைக் குழு மட்டுமே என்றால் இதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு நாள் அந்த லாக்கை அமெரிக்க ஐஎஸ்பிக்கோ வழக்கறிஞருக்கோ அனுப்ப வேண்டி வரும். டைம்சோன் குறிப்பிடாத லாக்கை அவர்கள் தங்கள் நேரமென்றே படிப்பார்கள். "எங்கள் லாக் இந்திய நேரத்தில்" என்று ஒவ்வொரு கோப்போடும் எழுதி அனுப்புகிற ஒழுங்கு இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் யூடிசிக்குப் போய்விடுங்கள்.

## நான்கும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | யூடிசி | ஊர்ப்பெயர் | கை விதி | தலைமையக நேரம் |
|---|---|---|---|---|
| லாக் குழப்பம் | இல்லை | நவம்பரில் ஒரு மணி நேரம் | அதேதான் | இந்திய நேரமெனில் இல்லை |
| ஷெட்யூல் ரூல் | ஆண்டுக்கு இருமுறை கைவேலை | தானாக நகரும் | விதி சரியாக இருக்கும்வரை | எந்தக் கிளைக்கும் பொருந்தாது |
| சட்டம் மாறினால் | தொட வேண்டாம் | ஃபர்ம்வேர் வேண்டும் | ஒரு வரி, ஆனால் நினைவு வேண்டும் | தலைமையக நாட்டைப் பொறுத்தது |
| அங்குள்ள ஆளுக்கு | கணக்குப் போட வேண்டும் | இயல்பு | இயல்பு | கணக்குப் போட வேண்டும் |

மேலே கேட்ட மூன்று ஊர்க் கேள்விக்கு என் பதில் இதுதான். முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் ஷெட்யூலைப் பயன்படுத்தும் ரூல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் யூடிசி, யோசிக்கவே வேண்டாம். இருந்தால் அந்தப் பெட்டி மட்டும் ஊர்ப்பெயரில், லாக் மட்டும் யூடிசி வடிவத்தில். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். ஒரே மாதிரி இருக்க வேண்டியது லாக் சர்வரில் போய்ச் சேரும் நேரம்தான். ஃபீனிக்ஸ் நகராத ஊர் என்பதால் அங்கே ஊர்ப்பெயர் வைப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

## மணி எங்கிருந்து வரவேண்டும்

இது சிறிய முடிவு, ஆனால் டைம்சோனைவிட அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. பொது என்டிபி பூல் இலவசம், பெரும்பாலானோருக்குப் போதும். டொமைன் கன்ட்ரோலரை (ஏடியை நடத்தும் சர்வர், சுருக்கமாக டிசி) மூலமாகக் காட்டுவது வசதி, ஏனென்றால் ஏடியும் ஃபயர்வாலும் ஒரே மணியில் இருக்கும். ஆனால் அந்த டிசி ஒரு விஎம்மாக (இன்னொரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) இருந்து ஹோஸ்ட்டிடமிருந்து நேரம் வாங்கினால், ஹோஸ்ட் பிசகும்போது எல்லாமே சேர்ந்து பிசகும். கொஞ்சம் பெரிய நெட்வொர்க் என்றால் உள்ளே இரண்டு என்டிபி சர்வர் வைத்து, அவை ஒவ்வொன்றும் வெளியே குறைந்தது நான்கு மூலங்களைப் பார்க்கட்டும். நான்கு இருந்தால்தான் பொய் சொல்லும் ஒன்றை மற்றவை ஓரம்கட்ட முடியும். இரண்டு மட்டும் இருந்து இரண்டும் வேறு வேறு சொன்னால் எதை நம்புவதென்று பெட்டிக்குத் தெரியாது. பாலோ ஆல்ட்டோவில் முதன்மை, துணை என்று இரண்டே இடம்தான் உண்டு என்பதால் இந்த உள் சர்வர் ஏற்பாடு அங்கே இன்னும் அவசியம். கூகுளின் என்டிபி லீப் நொடியை (யூடிசியில் எப்போதாவது கூட்டப்படும் ஒரு நொடி) ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கரைக்கும். அதை மற்ற மூலங்களோடு கலக்க வேண்டாம்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்குத் தேர்வு ஓரளவு முடிந்துபோன விஷயம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) வெளியிட்ட 2022 ஏப்ரல் 28 உத்தரவு, என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. பல நாடுகளில் பரவிய அமைப்பு என்றால், இவற்றிலிருந்து விலகாத வரை வேறு துல்லியமான மூலத்தையும் பயன்படுத்தலாம். லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. இது ஒத்திசைவைப் பற்றியது. எல்லாப் பெட்டியையும் இந்திய நேரத்தில் காட்டு என்று இதைப் படிக்க வேண்டியதில்லை.

## மாற்றப் போகும் நாளில்

டிஎஸ்டி வார இறுதியில் மாற்றாதீர்கள். ஏதாவது பிசகினால் உங்கள் மாற்றத்தாலா, டிஎஸ்டியாலா என்று பிரிக்க முடியாது. சாதாரண வாரநாள் ஒன்றில், எந்த யூடிசி நொடியில் மாற்றினீர்கள் என்பதை டிக்கெட்டில் எழுதிவிட்டு மாற்றுங்கள். நியூயார்க் நேரத்திலிருந்து யூடிசிக்குப் போனால் லாக்கில் 4 அல்லது 5 மணி நேரப் பள்ளம் தெரியும். திரும்பி வந்தால் அதே அளவு நேரம் இரண்டு முறை பதிவானது போலத் தெரியும். பின்னால் தணிக்கைக்கு வருகிறவர் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

ஹெச்ஏ ஜோடியாக (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் இரட்டைப் பெட்டி) இருந்தால் இரண்டு பெட்டியிலும் தனித்தனியே பாருங்கள். சிஸ்கோவின் ஃபயர்பவர் 4100, 9300-இல் ஏஎஸ்ஏ ஓடுகிறதென்றால் என்டிபியைச் சேசிஸ் (ஏஎஸ்ஏவைத் தாங்கும் அடிப்படைப் பெட்டி) பக்கம்தான் அமைக்க வேண்டும், ஏஎஸ்ஏவுக்குள் தேடிப் பயனில்லை. ஷெட்யூல் உள்ள ரூல் ஏதாவது இருந்தால், அது திறக்கும் நேரத்திலும் மூடும் நேரத்திலும் ஹிட் கவுண்ட் (ரூல் எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கை) ஏறுகிறதா, நிற்கிறதா என்று ஒரு நாள் கவனியுங்கள்.

பலரும் மறப்பது எஸ்ஐஇஎம் பக்கம். டைம்சோன் இல்லாத லாக்கைப் படிக்க, "இந்த மூலம் நியூயார்க் நேரத்தில் அனுப்புகிறது" என்று அங்கே முன்பே ஒரு அமைப்பு போட்டிருப்பார்கள். ஃபயர்வாலை மட்டும் யூடிசிக்கு மாற்றிவிட்டு அதை விட்டுவிட்டால், எல்லா வரியும் 4 அல்லது 5 மணி நேரம் எதிர்காலத்தில் போய் விழும். "கடைசி 15 நிமிடம்" என்று தேடுகிற அலர்ட்டுகளுக்கு அந்த ஃபயர்வால் லாக்கே அனுப்பாதது போலத் தோன்றும். இரண்டு மாற்றமும் ஒரே டிக்கெட்டில், ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.